குறையக்கா உரிமம் பெற்ற வரலாறு

பார்க்கக் கண்ணும் பதற நெஞ்சும் உடையவர்கள் எல்லோரும் கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்கள். ஓர் அநீதியைக் காட்ட அழைக்கிறேன். அங்கே இரத்தம் இல்லை, கூக்குரல் இல்லை, தடியும் இல்லை, விலங்கும் இல்லை. காலியாகக் கிடக்கும் ஒரு மாடி வீடு இருக்கிறது. அதன் கூடத்தில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், கழுத்தில் உரிம அட்டை தொங்க, வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். நடந்தது அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்படி அநீதியாகும் என்று கேட்பீர்கள். அந்த வாய் எப்படிப்பட்ட வாய் என்பதும், அதை மூடுவதற்கு எத்தனை பேர் எத்தனை மாதம் மேசை போட்டு உழைத்தார்கள் என்பதும் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

அவர் வீட்டுத் தரகர். பத்தொன்பது ஆண்டுகளாக வாடகைக்கும் விலைக்கும் வீடு காட்டி வந்தவர். அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது. 'குறையக்கா' என்று கேட்டால் மழலை மாறாத பிள்ளையும் வழி சொல்லும்.

ஒரு வீட்டின் சாவி கைக்கு வந்ததும் அவர் யாரையும் உடனே அழைத்துப் போகமாட்டார். முதலில் தாம் மட்டும் போவார். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, எது முதலில் மூச்சு வாங்குகிறது என்று கேட்பார். தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, அது எந்த மூலைக்கு ஓடுகிறது என்று பார்ப்பார். விரல் கணுவால் சுவரைத் தட்டுவார், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார், கைப்பிடிகளை ஆட்டுவார், பக்கத்து வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தபடி, முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று விசாரிப்பார். மறுநாள் வாடிக்கையாளரைக் கூட்டி வந்து, கதவைத் திறக்காமல், வாசலிலேயே நிறுத்தி விரலை மடக்கத் தொடங்குவார்.

“ஒண்ணு, சமையலறைக் குழாய்ல சாயங்காலம் தண்ணி நூல் மாதிரிதான் வரும். ரெண்டு, படுக்கையறை மேற்குப் பாத்தது, கோடையில வெந்துடுவீங்க. மூணு, மேல் வீட்டுக்காரர் காலையில குதிச்சுக் குதிச்சு உடற்பயிற்சி பண்றவரு. இதுக்கெல்லாம் சரின்னா சொல்லுங்க, கதவத் திறக்கறேன்.”

சில வீடுகளுக்கு ஒரு கை விரல்கள் போதாது. ஒரே ஒரு விரலை மடக்கிய வீடு ஒன்று உண்டு; அதைப் பற்றி இன்றும் பேசிக்கொள்கிறார்கள். விரலே மடக்காத வீட்டைக் கண்டவர் எவரும் இல்லை. தொடக்கத்தில் வீட்டு உரிமையாளர்கள் கொதித்தார்கள். பிறகு அவர்களே தேடி வந்தார்கள். குறை தெரிந்து குடிவந்தவன் சண்டைக்கு வருவதில்லை என்பது அவர்களுக்கு மெல்ல விளங்கியது. அவர் கணவர் பூட்டுக்கும் சாவிக்கும் கடை வைத்திருப்பவர். பெண் பார்க்க வந்த அன்றே அந்த மனிதரின் நான்கு குறைகளை எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் குறையக்கா சம்மதித்தார். ஐந்தாவதைக் கணவர் தாமே பின்னர் சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கதையில் இன்னொரு பெண் வருகிறார். தையற்காரி. பகலிலும் விளக்குப் போட்டுத் தைக்க வேண்டிய ஓர் இருட்டறையில் பதினோரு ஆண்டு மிஷின் மிதித்து, கண் மங்கத் தொடங்கியவர். வெளிச்சம் விழும் வீடு ஒன்று வாங்குவதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவிட்டு, குறையக்கா காட்டினால்தான் பார்ப்பேன் என்று காத்திருந்தார். வேறு தரகர்கள் வந்து அழைத்தால் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “எங்க அக்கா விரல மடக்கட்டும், அப்புறம் வரேன்.”

அந்த நேரத்தில்தான் வாரியம் வந்தது.

நியாயத்தை மறைக்கக் கூடாது. வீட்டுத் தரகர் நெறிமுறை வாரியம் ஒரு நல்ல காரணத்துக்காகவே பிறந்தது. எவனோ ஒருவன் ஒரே வீட்டை நான்கு பேருக்கு விற்றான். நான்கு குடும்பங்களும் ஒரே காலையில் சாமான்களோடு ஒரே வாசலில் வந்து இறங்கின. மக்கள் கொதித்தார்கள், அரசு அசைந்தது, சட்டம் பிறந்தது. இனி உரிமம் இல்லாமல் எவரும் எவருக்கும் வீடு காட்டக் கூடாது. உரிமத்துக்கு அறுபது மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு. பெற்ற உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆண்டுதோறும் புதுப்பிப்பு, நன்னடத்தைச் சீராய்வு. நான்கு பேருக்கு விற்றவன் இப்போது வாரியத்தின் ஆலோசனைக் குழுவில் இருக்கிறான். அந்தத் துறையில் அவனளவுக்கு அனுபவம் உள்ளவர் வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

குறையக்கா மகிழ்ச்சியோடுதான் போனார். “நல்லதுதானே? நாலு பேர ஏமாத்தறவன் இனிமே பயப்படுவான்ல,” என்றார் கணவரிடம். தையற்காரியிடம், “ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்கோம்மா. அட்டை வந்துடட்டும்,” என்றார்.

வகுப்பு வாரியக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. பயிற்றுநர், பிறந்தது முதல் அரசுக் குடியிருப்பிலேயே வாழ்ந்தவர். வீடு தேடி ஒரு நாளும் அலைந்ததில்லை. அதனால் அவரிடம் விருப்பு வெறுப்பு இல்லை என்று வாரியக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கருவி மணியடிக்கும். அப்போது ஒவ்வொருவரும் முகத்தை நிமிர்த்திக் காட்ட வேண்டும். கருவி படம் பிடித்து வருகை பதியும். கண் திறந்திருந்தால் போதும். கண்ணைத் திறந்தபடி தூங்கக் கற்றுக்கொண்ட இருவர் முழு வருகைக்கான பாராட்டுப் பெற்றார்கள்.

மூன்றாம் நாள் பயிற்றுநர் முழங்கினார்: “தரகர் என்பவர் யார்? ஜன்னல்! ஜன்னல் பேசுமா? வெளியே என்ன இருக்கிறதோ அதை வாடிக்கையாளர் தாமே பார்த்துக்கொள்வார். ஜன்னல் தன் கருத்தைச் சொல்லத் தொடங்கினால் நாடு என்னவாகும்?”

குறையக்கா கையைத் தூக்கினார். “ஐயா, ஜன்னல் பேசாதுங்க. ஆனா கண்ணாடியில விரிசல் இருந்தா வாங்கறவங்க கையக் கிழிச்சுக்குவாங்களே?”

“விரிசலா இல்லையா என்று முடிவு செய்ய நீங்கள் யார்? கண்ணாடி வல்லுநரா?”

“இல்லைங்க. கண்ணு தெரியும்.”

“கண் தெரிவது ஒரு தகுதி அல்ல அம்மா. எல்லோருக்கும்தான் தெரிகிறது. எல்லோருக்கும் தெரிவதை வைத்துக்கொண்டு ஒரு துறை எப்படி நடத்துவது?”

வகுப்பு கை தட்டியது. கருவி மணியடித்திருந்தது, கைதட்டினால்தான் முகம் நிமிரும் என்று அவர்கள் பழகியிருந்தார்கள்.

எழுத்துத் தேர்வு நாளில் மழை. தேர்வு அறையும் அதே மூன்றாம் மாடிதான். பதினான்காம் கேள்வி இப்படி இருந்தது: 'கூரை ஒழுகுமா என்று வாடிக்கையாளர் கேட்கிறார். உங்கள் பதில் என்ன? அ) ஒழுகும். ஆ) ஒழுகாது. இ) மழை பெய்யும்போது வந்து பாருங்கள். ஈ) இந்தக் கேள்வியை உரிய தகுதி பெற்ற வல்லுநரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.'

குறையக்கா கேள்வியை மூன்று முறை படித்தார். எந்த வீடு என்று கேள்வியில் இல்லை. வீட்டைச் சொல்லாமல் கூரையைப் பற்றிக் கேட்டால் ஒரு தரகர் என்னதான் செய்வார்? இருக்கும் இடத்தைப் பார்ப்பார். பார்த்தார். உச்சியிலிருந்து ஒரு சொட்டு, நிதானமாக, அவருடைய விடைத்தாளின் மேல் விழுந்தது. இந்தக் கட்டடத்தைத்தான் கேட்கிறார்கள் என்று தெளிந்து, 'அ' என்று வட்டமிட்டார். ஒரு மதிப்பெண்ணில் தோற்றார்.

அதே மாடியில் இருந்த எழுத்தரிடம் முறையிடப் போனார். எழுத்தரின் மேசை மேல் கோப்புகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. டொக், டொக் என்று அதில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, இவ்வளவு சுலபமான கேள்விக்கு 'அ' போட்டிருக்கீங்க?”

“மேல பாருங்க சார். ஒழுகுதுல்ல?”

எழுத்தர் மேலே பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். “வாளி இருக்கறது உண்மை. வாளியில தண்ணி இருக்கறதும் உண்மை. ஒழுகுதுன்னு எந்தக் காகிதத்துல இருக்கு? கட்டட வல்லுநர் வந்து பாத்துச் சான்று தரணும். வாரியம் வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்த ஆபீஸ் காலத்துலேர்ந்து ஏழு வருஷமா எழுதிட்டு இருக்கோம். அது வர்ற வரைக்கும் இது வெறும் வாளிம்மா.”

“தெனமும் யார் சார் கொட்டறது?”

“நான்தான். அதுக்குப் 'பாத்திரப் பராமரிப்பு'ன்னு தனி ஆணை இருக்கு.”

அன்று வீடு திரும்பிய குறையக்காவைப் பார்த்து அவர் கணவர், பூட்டுக்காரர், சொன்னார்: “ஏன் இப்படி மனச அலட்டிக்கற? எல்லாக் கேள்விக்கும் 'ஈ' போட்டுட்டு வா.” இரண்டாம் முறை அப்படியே செய்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. குறைந்த நான்கும், பழக்க தோஷத்தால் அவர் யோசித்து எழுதிய நான்கு கேள்விகளில் போனவை.

செய்முறைத் தேர்வுக்கென்று வாரியத்தின் தரைத்தளத்தில் ஒரு மாதிரி வீடு கட்டியிருந்தார்கள். ஒட்டுப்பலகைச் சுவர்கள். ஜன்னல்கள் வர்ணத்தில் வரைந்தவை; அவற்றுக்கு வெளியே மலை, ஏரி, இரண்டு வாத்து. கூரை கிடையாது, தேர்வாளர் மேலிருந்து பார்த்து மதிப்பெண் போட ஓர் ஏணி மட்டும் சாத்தியிருந்தது. தேர்வு நேரத்தில் அவரே ஏணியிலிருந்து இறங்கி வந்து வாடிக்கையாளராக நடிப்பார். நடித்து முடித்ததும் மறுபடி ஏறிப் போய் எழுதுவார்.

“வணக்கம்! நான் ஓர் இல்லம் நாடி வந்திருக்கிறேன்,” என்றார் தேர்வாளர், மேடை நடிகரைப் போல.

குறையக்கா வாசலிலேயே அவரை நிறுத்தினார். விரல் தானாக மடங்கியது. “ஒண்ணு, கூரை இல்ல. ரெண்டு, ஜன்னல் திறக்காது, வரைஞ்சது. மூணு, குளியலறைக் கதவத் திறந்தா நேரா காவலாளி ரூமு. அவரு சாப்பிட்டுட்டு இருக்காரு. சரின்னா சொல்லுங்க, உள்ள போவோம்.”

தேர்வாளர் நடிப்பை மறந்தார். “இந்த மாதிரி வீட்டுக்காக நான் இரண்டு ஆண்டு உழைத்திருக்கிறேன்! முந்நூறு பேர் இதைக் கடந்து போயிருக்கிறார்கள். எல்லோரும் 'காற்றோட்டமான வீடு' என்றுதான் சொன்னார்கள். உங்களுக்கு மட்டும் எப்படி அம்மா கூரை இல்லாதது தெரிகிறது?”

“அண்ணாந்து பாத்தேங்க.”

“அதுதான் தவறு. தரகரின் பார்வை வாடிக்கையாளரின் முகத்தில் இருக்க வேண்டும்.”

தோல்வி. அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து. இதற்கிடையே தையற்காரி, ஊசியில் நூல் கோப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார். ஒரு நாள் அக்காவின் ரவிக்கையைத் தைத்துக் கொடுக்க வந்தவர் கேட்டார்: “அக்கா, ஒரு கை நீளமா இருக்கா?”

“இருக்கு. இடது.”

“பாத்தீங்களா, எனக்குத் தெரியல. சீக்கிரம் அந்த அட்டைய வாங்குங்கக்கா. உங்களத் தவிர யார நம்பிப் பணத்தக் குடுப்பேன்?”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் குறையக்கா பணிந்தார். மூன்றாம் மாதம், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். தேர்வாளரின் முகத்தையே பார்த்தார். “காற்றோட்டமான வீடுங்க,” என்றார். தேர்வாளரின் கண்கள் கலங்கின. உரிமம் கிடைத்தது: படத்தோடும் முத்திரையோடும் ஒரு நீல அட்டை.

இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? உரிமம் பெறுவது எளிது. அதை வைத்துக்கொண்டு வாழ்வதுதான் கடினம்.

அட்டை வந்த முதல் வாரம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு வீடு காட்டினார். வெளியே வந்ததும் விரல்கள் பழையபடி உயிர்பெற்றுவிட்டன. சாக்கடை அடைக்கும், படிக்கட்டு செங்குத்து, பின்வீட்டு நாய்க்கு உறக்கம் கிடையாது என்று மூன்று விரல் மடக்கினார். தபால்காரர் மூன்றையும் ஏற்று அந்த வீட்டையே வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். நாற்பது ஆண்டு பிறர் கடிதங்களைச் சுமந்தவருக்குத் தாமும் ஒன்று எழுத ஆசை வந்துவிட்டது. 'தங்கள் உரிமம் பெற்ற தரகர் குறைகளையெல்லாம் முன்கூட்டியே சொன்னதால், சாக்கடை அடைத்தபோதும் நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம். இத்தகைய நேர்மையாளரை உருவாக்கிய வாரியம் வாழ்க' என்று நன்றிக் கடிதம் எழுதி வாரியத்துக்கு அனுப்பினார்.

வாரியத்தில் நன்றிக் கடிதங்களைப் பதியப் பதிவேடு இல்லை. வரும் கடிதமெல்லாம் புகார்ப் பதிவேட்டில்தான் ஏறும். ஏறியது. படித்துப் பார்த்தபோது, அது புகாராகவும் செம்மையாகப் பொருந்தியிருந்தது.

மூன்றாம் மாடியில் விசாரணைக்கு வாரியத் தலைவரே அமர்ந்தார். குறையக்காவும் பூட்டுக்காரரும் எதிரே நின்றார்கள். மறுபடி மழை.

“சாக்கடை அடைக்கும் என்று சொன்னீர்களா?”

“சொன்னேங்க.”

“அடைத்ததா?”

“அடைச்சுதுங்க. அவரே எழுதியிருக்காரு.”

தலைவர் எழுத்தரைப் பார்த்தார். “குறித்துக்கொள்ளுங்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டது மட்டுமல்ல, பலித்தும் இருக்கிறது.”

பூட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. “ஐயா, உண்மையச் சொன்னது தப்பாங்க?”

அப்போது தலைவர் எழுந்து நின்று ஆற்றிய உரையை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன். அவரைக் குற்றம் சாட்ட எனக்கு வேறு சான்று தேவையில்லை.

“உண்மை! யார் வேண்டுமானாலும் சொல்லலாம் உண்மையை. அதற்கு உரிமம் எதற்கு? தெருவில் போகிறவர் சொல்கிறார், குழந்தை சொல்கிறது. உரிமம் பெற்றவரும் அதையே சொன்னால், உரிமத்துக்கு என்ன மதிப்பு? இந்த வாரியம் மக்களின் முறையீடுகளைத் தீர்க்கப் பிறந்தது. மக்கள் எல்லாம் தெரிந்துகொண்டு வீடு வாங்கினால் யார் முறையிடுவார்? முறையீடு இல்லாவிட்டால் நூற்று நாற்பது ஊழியர்களின் குடும்பங்கள் என்னவாகும்? ஏமாந்தவர்களுக்காகவே நாங்கள் இரவும் பகலும் உழைக்கிறோம். இந்த அம்மையார், ஏமாறக்கூடிய ஒருவரையும் மீதி வைக்காமல் எங்கள் பணிக்கு இடையூறு செய்கிறார்!”

இந்த இடத்தில் ஒரு சொட்டு அவருடைய கோப்பின் மேல் விழுந்தது. தலைவர் பேச்சை நிறுத்தவில்லை, மேலே பார்க்கவுமில்லை. கோப்பை மட்டும் நான்கு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார். அடுத்த சொட்டு மேசையில் விழுந்தது. அந்த நகர்த்தலில் இருந்த நளினத்துக்காகத்தான் அவரைத் தலைவர் ஆக்கியிருக்க வேண்டும்.

தீர்ப்பு: நாற்பது மணி நேரச் சீர்திருத்தப் பயிற்சி, அதன்பின் ஓர் உறுதிமொழிப் பத்திரம். உரிமதாரரோ, அவர் வீட்டில் உண்டு உறங்கும் எவருமோ, வாயாலோ எழுத்தாலோ சைகையாலோ விரலாலோ, எந்த வீட்டின் குறையையும் எவருக்கும் தெரிவிக்கலாகாது. மீறினால் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. கணவரின் பூட்டுக் கடைக்கான அனுமதியும் சேர்த்து. 'விரலாலோ' என்ற சொல்லை அன்றைக்குத்தான் கையால் எழுதிச் சேர்த்தார்கள்.

சீர்திருத்தப் பயிற்சியில் ஆசிரியர் கிடையாது. ஓர் அறை, ஒரு நாற்காலி, எதிரே ஈரம் பூத்த ஒரு சுவர். சுவரின் நடுவே யானைக்காது அளவுக்குக் கறை. அதைப் பார்த்தபடி, கறையைக் குறிப்பிடாமல் அந்தச் சுவரைப் பற்றி உரக்கப் பேச வேண்டும். குறிப்பிட்டால் மணி அடிக்கும். கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பேச எதுவும் இல்லாதபோது சொல்ல வேண்டிய வாக்கியம் கீழே எழுதி ஒட்டியிருந்தது: 'இந்தக் கேள்வியை உரிய தகுதி பெற்ற வல்லுநரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.'

முதல் நாள் பதினேழு முறை மணி அடித்தது. இரண்டாம் நாள் ஒன்பது. ஐந்தாம் நாள் அடிக்கவில்லை. ஏழாம் நாள் குறையக்கா அந்தச் சுவரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் சொன்னார். உயரம் சொன்னார், அகலம் சொன்னார், நேர்த்தி சொன்னார். எட்டாம் நாள் கதவைத் திறந்த எழுத்தர், “முடிஞ்சுதும்மா, போலாம்,” என்றார். அவர் எழவில்லை. முடிந்தது என்பது அவருக்கு எட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. கறை எங்கே இருந்தது என்று அவரிடம் கேட்டிருந்தால் காட்டியிருக்க முடியாது. அது சுவரில்தான் இருந்தது. அவருடைய கண்ணில் இல்லை.

வீட்டில் ஒரு வாரம் கழித்துப் பூட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“நான் சட்டையத் திருப்பிப் போட்டிருக்கேன். காலையிலேர்ந்து.”

“ம்.”

“நீ ஒண்ணும் சொல்லல.”

“என்ன சொல்லணும்?”

“நீ என்னத் திட்டி ரெண்டு வாரம் ஆச்சு. உடம்பு சரியில்லையா?”

குறையக்கா யோசித்தார். உடம்பில் எந்த இடமும் வலிக்கவில்லை. வேறு எந்த இடமும் வலிக்கவில்லை. “நல்லாத்தான் இருக்கேன்,” என்றார். அந்த ஆண்டு புதுப்பிப்பின்போது அவருக்கு 'முன்மாதிரி உரிமதாரர்' என்று ஒரு சான்றிதழும் தந்தார்கள். அதை எங்கே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை.

அப்போதுதான் அந்த மாடி வீட்டின் சாவி வந்தது.

வழக்கம் கால்களில் மிச்சம் இருந்தது. முதல் நாள் தனியாகப் போனார். குழாய்களைத் திறந்தார். எலுமிச்சம்பழத்தை வைத்தார், அது நின்ற இடத்திலேயே நின்றது. சுவரைத் தட்டினார்; எல்லாம் சரி. பின்னறைக் கதவைத் திறந்தார். கிழக்கே பார்த்த பால்கனி. காலை வெயில் தரை முழுவதும் விரிந்து கிடந்தது. ஊசிக் காதுகூடத் தெளிவாகத் தெரியும் வெளிச்சம். குனிந்து பார்த்தார். பால்கனித் தளம் சுவரோடு சேரும் இடத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதை மாவு பூசி அடைத்து, மேலே புது வெள்ளை அடித்திருந்தார்கள். அடியில் கை விட்டுத் தடவினார். தாங்கும் இரும்பு துரு ஏறி, தொட்ட இடம் செதில் செதிலாக உதிர்ந்தது. கைப்பிடிக் கம்பியை ஆட்டினார்; தளமும் கூடவே ஆடியது. கையைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாள் தையற்காரியை அழைத்து வந்தார். வாசலில் நிற்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.

“என்னக்கா, வாசல்ல நிறுத்தாம விட்டுட்டீங்க?” தையற்காரி சிரித்தபடி உள்ளே ஓடினார். அறை அறையாகப் போனார். பின்னறைக் கதவைத் திறந்ததும் வெயிலில் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அக்கா... என் கைரேகை தெரியுதுக்கா.”

பால்கனி வாசற்படியில் நின்றபடியே பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தார். ஒரே முயற்சியில் கோத்தார். கோத்த ஊசியைத் தூக்கிக் காட்டினார்.

“மிஷின இங்கதான் போடுவேன். பால்கனியிலயே. இரும்பு மிஷின், நாலு பேர் தூக்கணும். அது கெடக்குது, தூக்கிடலாம். சரி, இப்ப சொல்லுங்க. எத்தன விரலு?”

குறையக்காவின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

“பயமுறுத்தாதீங்கக்கா. சொல்லுங்க. அஞ்சா? ஆறா?”

சொல்லத்தான் நினைத்தார். இதை நீங்கள் நம்ப வேண்டும். கடையை நினைத்தோ, அட்டையை நினைத்தோ அவர் தயங்கவில்லை. அந்தக் கணத்தில் இரண்டும் அவர் நினைவில் இல்லை. சொல்வதற்காகவே வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து, சீராக, பிசிறில்லாமல், அந்த வாக்கியம் வந்தது:

“இந்தக் கேள்வியை உரிய தகுதி பெற்ற வல்லுநரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.”

தையற்காரி ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ அக்கா! ஆபீஸர் மாதிரியே பேசறீங்க! இன்னொரு தடவ சொல்லுங்க.” சிரித்து ஓய்ந்து, அக்காவின் கைகளைப் பார்த்தார். இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. ஒரு விரலும் மடங்கவில்லை. தையற்காரியின் கண்கள் அகன்றன.

“ஒண்ணுகூட இல்லையா? நீங்க பாத்தும் ஒரு குறைகூட இல்லையா?” அவர் குறையக்காவைக் கட்டிக்கொண்டார். “எனக்குன்னே வச்சிருந்தீங்களாக்கா இத்தன நாளா?”

கட்டிக்கொண்ட கைகளின் இறுக்கம் குறையக்காவுக்குத் தெரிந்தது. உயரம் தெரிந்தது, அகலம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கேட்டீர்கள் அல்லவா? பத்தொன்பது ஆண்டு பேசிச் சேர்த்த நம்பிக்கையால்தான் அந்த ஒரு நாள் மௌனத்துக்கு இவ்வளவு எடை வந்தது. பொய்யன் ஒருவன் வாயை மூடியிருந்தால் தையற்காரி சந்தேகப்பட்டிருப்பார். வாரியத்தால் ஒரு பொய்யரை உருவாக்க முடியவில்லை. ஒரு மெய்யரின் வாயை மூடியே அந்த வேலையை முடித்துக்கொண்டது. இத்தனைக்கும் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. உரிமம் செல்லும். கோப்பு சுத்தம்.

வீட்டின் கிரயப் பத்திரம் எழுதி முடிந்துவிட்டது. வரும் வியாழக்கிழமை காலை மிஷின் ஏறுகிறது. தூக்க நான்கு பேர், பின்னால் தையற்காரி. குறையக்காவால் சொல்ல முடியாது. பூட்டுக்காரருக்கு மனைவி எதையும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் உறுதிமொழிப் பத்திரம் அவரையும் கட்டுகிறது. வாரியத்துக்கு எழுதினால் புகார்ப் பதிவேட்டில் ஏறும். வல்லுநர் வர ஏழு ஆண்டாகும்.

நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் கழுத்தில் நீல அட்டை இல்லை. உங்களை எவரும் சுவரைப் பார்க்கவைத்துப் பயிற்றுவிக்கவில்லை. அல்லது, பயிற்றுவித்தது உங்களுக்கே தெரியாமல் இருந்தால், தெரிந்துகொள்ள இதுவே நேரம். தையற்காரி வாங்கிய அந்த வீடு சலவைக் கடைக்கு நேர் எதிரே, பச்சைக் கதவு, முதல் மாடி. போய்த் தட்டுங்கள். நீங்கள் யார் என்று அவர் கேட்பார். யாருமில்லை என்று சொல்லுங்கள். பால்கனியில் கால் வைக்காதே, மிஷினை ஏற்றாதே என்று சொல்லுங்கள். நம்பமாட்டார், எங்க அக்கா பாத்த வீடு என்பார். கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டிக் காட்டுங்கள். அதன்பின் எல்லோரும் சேர்ந்து வாரியத்தின் மூன்றாம் மாடிக்குப் போங்கள். அண்ணாந்து பார்த்து, ஒழுகுகிறது என்று உரக்கச் சொல்லுங்கள். அவர்கள் மேலே பார்க்கும் வரை சொல்லுங்கள். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலைக்கு வியாழக்கிழமை வரைதான் நேரம்.

படித்தது போதும். எழுந்திருங்கள்.